அங்கோரின் நுழைவுச் சீட்டு

புராதனக் கோயில்களைக் காண வரும் அயல்நாட்டார் செலுத்தும் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்று விசாரிக்கப் புகுவோருக்குக் கம்போடியாவின் அங்கோர் ஒரு விசேஷமான விடையை வைத்திருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பியதும், அந்நாட்டின் தேசியக் கொடியிலேயே இடம்பெற்றிருப்பதுமான அங்கோர் வாட் ஆலயத்தைத் தரிசிக்கக் கம்போடியக் குடிமக்கள் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அயல்நாட்டாருக்கோ, 20 டாலராக இருந்த ஒருநாள் கட்டணம் 2017-இல் 37 டாலராக உயர்ந்தது. சீட்டு நிலையத்தில் வாங்குபவரின் முகத்தை அங்கேயே படம் பிடித்து, சீட்டின் மேலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஆலய வாயிலில் நிற்கும் காவலர்கள் படத்தையும் ஆளையும் ஒத்துப் பார்த்த பின்னரே உள்ளே அனுப்புவதால், ஒருவருடைய சீட்டில் மற்றொருவர் நுழைவதற்கு வழியில்லை.

அந்த 37 டாலரில் 2 டாலர், குழந்தைகளுக்கு இலவசமாகச் சிகிச்சையளிக்கும் காந்தா போபா மருத்துவமனைகளுக்குச் செல்கிறது என்பதே என் உள்ளத்தைப் பெரிதும் நெகிழச் செய்த செய்தி. யுத்தத்தாலும் கொடுங்கோலாலும் சிதைந்துபோன, அவற்றின் மூல வைத்திய சாலையை 1992-இல் மீண்டும் திறந்தவர், சுவிட்சர்லாந்து தேசத்துக் குழந்தை மருத்துவர் பேயாட் ரிக்னர். 2018-இல் காலமான அம்மகான், கோயில்களைப் பார்க்க சியம் ரீப் நகருக்கு வந்த யாத்ரிகர்களை மாலைவேளைகளில் மருத்துவமனை அரங்கிற்கு அழைத்து, செல்லோ வாத்தியத்தைத் தாமே வாசித்து, முதியோரிடம் பணமும் இளைஞரிடம் இரத்தமும் தானமாகக் கேட்டு வந்தார்.