“அத்தோ... அத்தோ!” கடற்கரை ரெயில் நிலையம் எதிரே மணக்கும் பர்மா பலகாரம்

மாலை 5 மணி. பாரிமுனை ஆபீசுகள் காலியாகும் நேரம். கடற்கரை ரெயில் நிலையத்தை நோக்கிக் கூட்டம் ஓடுகிறது. தாம்பரம் வண்டி பிடித்தால் வீடு போய்ச் சேர ஒரு மணி நேரம். அதுவரை வயிறு பொறுக்குமா?

பொறுக்காது! ஓடுகிற கால்களில் சில, பர்மா பஜாரின் பின்பக்கம் உள்ள இரண்டாவது கடற்கரைச் சாலையில் நின்றுவிடுகின்றன. கூப்பிடுவது மூக்கு. பூண்டு பொரிந்த எண்ணெயின் வாசனை தெருமுனை வரை வருகிறது.

அங்கேதான் “அத்தோ” கடைகள்.

முதல் தடவை கேட்கிறவர்கள் “அதோ” என்று காதில் வாங்கிக்கொண்டு, எங்கே என்று திரும்பிப் பார்ப்பது உண்டு. பர்மிய மொழியில் கலந்து பிசைந்த பண்டத்துக்கு இந்தப் பெயர். அது நம்மூர் வாயில் புகுந்து “அத்தோ” ஆகிவிட்டது.

அடுப்பு இல்லாத சமையல்

ஒரு பெரிய எவர்சில்வர் பேசின். அதில் ஒரு பிடி ஆரஞ்சு நிற நூடுல்ஸ். (இடியாப்பத்துக்கு முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது கோதுமை.) மேலே மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோசு, வெங்காயம். உப்பு, மிளகாய்த்தூள், வறுத்த கடலை மாவு. புளித்தண்ணீர் ஒரு கரண்டி, பூண்டு எண்ணெய் ஒரு கரண்டி. எலுமிச்சம்பழம் ஒரு பிழி.

“அண்ணே, காரம் தூக்கலா போடவா?”

நீங்கள் பதில் சொல்வதற்குள் பிசைந்து முடித்துவிடுவார்கள். கடைசியில் பொரித்த வெங்காயமும், “பேஜோ”வை நொறுக்கி ஒரு கைப்பிடியும். பேஜோ என்பது நம்ம தட்டைக்குச் சொந்தக்காரன். நறுக்கு நறுக்கு என்று கடிபட வேண்டும். ஊறிப் போனால் ருசி போச்சு. அதனால்தான் இதைப் பார்சல் வாங்கிப் போவது வீண் என்பது என் கட்சி.

சூடே இல்லாத பண்டம் இது. சூட்டுக்குப் பக்கத்திலேயே வாழைத்தண்டு சூப் கொதிக்கிறது. பர்மாக்காரர்கள் “மொயிங்கா” என்று மீன் போட்டுக் காய்ச்சுவது இதைத்தான். இங்கே பல கடைகளில் மீன் கழன்றுவிட்டது. வாழைத்தண்டு மட்டும் நிலைத்துவிட்டது.

முட்டை மசாலாவையும் விட்டுவிடக்கூடாது. வேகவைத்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் அடைத்துக் கொடுப்பார்கள். முழுசா வாயில் போட்டுக்கொள்ளணும். பாதியாகக் கடித்தீர்களோ, ஆபீஸ் சட்டை பாழ்!

கப்பலில் வந்த கைப்பக்குவம்

இந்தப் பண்டம் இங்கே வந்த கதை ருசியானது அல்ல.

வெள்ளைக்காரன் காலத்தில் வட்டிக்கடை வைக்கவும், அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்கவும் தமிழர்கள் ரங்கூனுக்குப் போனார்கள். 1962 மார்ச்சில் ஜெனரல் நேவின் பர்மா ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. பெட்டியில் இருந்த பணம் ஒரே நாளில் வெறும் காகிதம்!

கட்டிய வீட்டையும் நடத்திய கடையையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அந்தச் சில ஆண்டுகளில் இந்தியாவுக்குத் திரும்பியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கப்பல் வந்து நின்ற சென்னைத் துறைமுகம் வேறு எங்கோ இல்லை. இந்த அத்தோ கடைகளில் இருந்து ராஜாஜி சாலையைத் தாண்டினால், அதோ அந்த மதில் சுவருக்கு அப்பால்தான்.

வியாசர்பாடி, செங்குன்றம் பக்கம் குடியேறினார்கள். சிலர் 1969 வாக்கில் பர்மா பஜாரில் கடை போட்டார்கள். டேப் ரிக்கார்டரும் சென்டும் வாங்க ஊரே அங்கு திரண்டது. 1991-க்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் எல்லாக் கடையிலும் கிடைக்க ஆரம்பித்ததும் பஜாரின் மவுசு குறைந்தது. பேசினில் பிசைந்து கொடுத்ததற்கு மட்டும் மவுசு குறையவில்லை.

ஒரு சாயங்காலப் பிழைப்பு

வியாபாரம் சாயங்காலம் சில மணி நேரம்தான். சீவிய கோசை நாளைக்கு வைக்க முடியாது. 6 மணிக்கு மழை பிடித்துக்கொண்டால் அன்றைய முதல் அம்போ. “வண்டியை எடு” என்று யாராவது விரட்டினாலும் அதே கதிதான்.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் மத்திய சட்டம் வந்திருக்கிறது. கணக்கெடுத்துச் சான்று கொடுக்காமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, இடம் மாற்றுவதானாலும் 30 நாள் நோட்டீசு வேண்டும் என்கிறது அது. இடத்தைப் பற்றிப் பேசும் நகர விற்பனைக் குழுவில் 100-க்கு 40 பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். இது தெரிந்து வைத்திருக்கும் வண்டிக்காரர், விரட்ட வருகிறவரிடம் நின்று பேசலாம். தெரியாதவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நடக்கிறவன் பாடும் இருக்கிறது. நாலு பேர் தட்டோடு நின்றால் நடைபாதை அடைபட்டு, பின்னால் ஸ்கூட்டர்காரர் ஆரன் அடிக்கிறார். சாப்பிடுகிறவர்கள் ஓரமாக நின்றாலே பாதிச் சண்டை குறையும்.

கண்ணால் பார்த்துச் சாப்பிடுங்க

கோசும் வெங்காயமும் பச்சையாகவே வயிற்றுக்குள் போகிறது. கழுவுகிற தண்ணீர் எது, பிசைகிற கை சுத்தமா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டை வாங்குங்கள். நூடுல்சின் நிறம் கண்ணைக் குத்தினால் அடுத்த கடைக்குப் போங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் தள்ளுவண்டிக்கும் உண்டு.

தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துக் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அது தடை. தாளின் மேல் சுடச்சுட சூப்பும் ஊற்றினால் கேட்கவே வேண்டாம். “இலை போடுப்பா” என்று கேளுங்கள்.

போவதானால் நேரத்தோடு போங்க. இருட்டி ரொம்ப நேரம் கழித்துப் போனால் சூப் இருக்கும். அதில் வாழைத்தண்டு இருக்காது.