தமிழ், கன்னட இணைய முகவரிகள்: பழைய கருவிகள் ஏற்பதும் மறுப்பதும் ஏன்?

மைசூரு: இணையதள முகவரியைக் கன்னடத்திலோ தமிழிலோ தட்டச்சு செய்தால், பல ஆண்டுகளுக்கு முன் நிறுவப்பட்ட வலையமைப்புக் கருவிகளின் வழியாகவும் அந்தத் தளம் திறக்கிறது. அதே எழுத்துகளில் அமைந்த மின்னஞ்சல் முகவரியை இணைய விண்ணப்பத்தில் நிரப்பினாலோ, 'தவறான முகவரி' என்ற பதில் வருவதுண்டு. இணையத் தரநிலைகள் புதுப்பிக்கப்பட்ட விதமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

பெயரை எண்ணாக மாற்றும் அமைப்பு

நாம் தட்டச்சு செய்யும் பெயரை, கணினிகள் பயன்படுத்தும் எண் முகவரியாக மாற்றித் தருவது டொமைன் பெயர் அமைப்பு ஆகும். இதன் அடிப்படைத் தரநிலைகள் 1987 நவம்பரில் வெளியாயின. ஆங்கில எழுத்துகள், எண்கள், இணைப்புக் கோடு ஆகியவற்றைக் கொண்டே பெயர்கள் அமைக்கப்பட்டு வந்தன. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63 பைட்டுகளைத் தாண்டக் கூடாது என்பதும் விதி.

பிற மொழிகளுக்காக இந்த அமைப்பையே மாற்றினால், உலகெங்கும் உள்ள சர்வர்களை மாற்ற வேண்டியிருக்கும். எனவே, 2003-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியான தரநிலை வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அதன்படி, பயனரின் பிரவுசரே தமிழ்ப் பெயரை 'பியூனிகோடு' என்ற முறையில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கொண்ட தொடராக மாற்றிவிடுகிறது. 'எக்ஸ்என்' என்ற ஈரெழுத்தும் இரண்டு இணைப்புக் கோடுகளும் அத்தொடரின் தொடக்கத்தில் இருக்கும். பழைய சர்வருக்கு அது மற்றுமோர் ஆங்கிலப் பெயரே. இம்முறை 2010-இல் திருத்தி அமைக்கப்பட்டது.

இவ்வழியில்தான் '.இலங்கை', '.இந்தியா', '.சிங்கப்பூர்' ஆகிய தமிழ் முகவரிகள் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பெயர்களைப் பதிவு செய்ய தேசிய இணையப் பரிமாற்றகமான நிக்சி வகை செய்துள்ளது.

ஒத்த வடிவங்களால் வரும் ஆபத்து

கன்னடம், தெலுங்கு எழுத்துகள் பல ஒன்றுபோலவே தோன்றுகின்றன. தமிழில் 'ஔ' என்ற ஓரெழுத்தும் 'ஒள' என்ற ஈரெழுத்தும் கண்ணுக்கு வேறுபடுவதில்லை. போலித் தளங்களுக்கு இது வாய்ப்பாகிவிடும் என்பதால், முகவரியின் இறுதிப் பகுதியாக அமையும் பெயர்களுக்கு ஐகேன் அமைப்பு எழுத்துமுறை வாரியாக விதிகளை வகுத்துள்ளது.

மின்னஞ்சலில் ஏன் சிக்கல்?

மின்னஞ்சல் முகவரியில் '@' குறிக்குப் பின்னுள்ள பகுதியைப் பியூனிகோடாக மாற்ற முடியும். அதற்கு முன்னுள்ள பயனர் பெயருக்கு அத்தகைய மாற்றுமுறை இல்லை. அந்தப் பெயர் அனுப்பும் சர்வர் முதல் பெறும் சர்வர் வரை தமிழாகவே பயணிக்க வேண்டும். இதற்கான தரநிலைகள் 2012-இல் வெளியாயின. அவற்றை ஏற்காத பழைய சர்வர் வழியில் ஒன்று இருந்தாலும் அஞ்சல் திரும்பிவிடும். கூகுளின் ஜிமெயில் 2014 முதல் இத்தகைய முகவரிகளுக்கு அஞ்சல் அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் இடமளிக்கிறது.

விண்ணப்பப் படிவங்களின் நிலை வேறு. முகவரியில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருக்கலாம், இறுதிப் பகுதி இரண்டு முதல் நான்கு எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்ற பழைய சோதனைகள் அவற்றின் நிரலில் இன்னும் எஞ்சியிருப்பதுண்டு. இக்குறையை நீக்க வலியுறுத்தும் உலகளாவிய ஏற்பு நாள் 2023 மார்ச் 28 அன்று முதன்முறையாகக் கடைப்பிடிக்கப்பட்டது.

செய்ய வேண்டியவை

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இயங்கிவரும் மைசூரு போன்ற பன்மொழி நகரங்களில், கல்லூரிகளும் அலுவலகங்களும் தங்கள் படிவங்களைக் கன்னட, தமிழ் முகவரிகளைக் கொண்டு சோதித்துப் பார்ப்பது முதல் படியாகும். பழைய சோதனை வரிகளை நீக்குவதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. அஞ்சல் சர்வரின் மென்பொருளை மட்டும் 2012 தரநிலைகளை ஏற்கும் பதிப்புக்கு உயர்த்த வேண்டும்.

அதுவரை, தாய்மொழியில் மின்னஞ்சல் வைத்திருப்போர், வேலைவாய்ப்பு, கல்விச் சேர்க்கை போன்ற காலக்கெடு உள்ள விண்ணப்பங்களுக்கு ஓர் ஆங்கில முகவரியையும் வைத்திருப்பது பாதுகாப்பானது.