மூக்குதான் செம்பூர்

மும்பையின் செம்பூரில் ஹார்பர் லைன் லோக்கல் ஏறுகிறீர்கள். கூட்டமில்லாத மதிய நேரம் (அப்படியொன்று உண்டென்றே வைத்துக்கொள்வோம்). வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்ததும் ஒரு நாணயத்தை ஓரடி உயரம் சுண்டுங்கள். அது ஏறி இறங்க அரை விநாடி. அதற்குள் வண்டி 10 மீட்டர் போய்விடும். ஆனாலும் நாணயம் பின்னால் இருப்பவர் மடியில் விழாமல் உங்கள் கைக்கே வரும். கையை விட்டுக் கிளம்பும்போதே வண்டியின் வேகம் அதற்கும் இருந்தது. தடுக்க ஒரு விசை வராதவரை பொருள் தன் போக்கிலேயே போகும். இதற்குப் பெயர் நிலைமம். கோவண்டி ஸ்டேஷனில் பிரேக் போட்டதும் நிற்பவர்கள் முன்னால் சாய்வதும் இதனால்தான்.

நாணயம் புரிந்த பிள்ளையிடம் அடுத்ததைச் சொல்லலாம்: ஸ்டேஷனும் ஓடுகிறது. பூமி சுழல்வதால் செம்பூர் விநாடிக்குச் சுமார் 440 மீட்டர் கிழக்கே போகிறது, மணிக்கு ஏறத்தாழ 1,580 கிலோமீட்டர். காற்றும் கட்டடமும் கூடவே வருவதால் நமக்கு உறைப்பதில்லை. படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் நகர்வது போலத்தான் விண்மீன்கள் மேற்கே போகின்றன என்று ஆர்யபட்டர் கி.பி. 499-லேயே விளக்கிவிட்டார். பூமிக்கும் பிரேக் உண்டு. நிலவின் ஈர்ப்பால் ஒரு நாளின் நீளம் நூறு ஆண்டுக்குச் சுமார் 2 மில்லி விநாடி கூடுகிறது. யார் சாயப்போகிறார்கள்!

உணர முடியாத சுழற்சியை உடம்பாலேயே செய்து பார்க்கலாம். இருட்டறையில் ஒரு விளக்கு, அது சூரியன். உங்கள் தலை பூமி, உச்சி வடதுருவம், மூக்கு செம்பூர். விளக்குக்கு முதுகு காட்டி நின்றால் நள்ளிரவு. மெல்ல இடப்பக்கமாகத் திரும்புங்கள். இடக்கண்ணின் ஓரத்தில் வெளிச்சம் எட்டிப் பார்க்கிறதே, அது விடியல். மூக்குக்கு நேரே வந்தால் நண்பகல். வலக்கண் ஓரத்தில் மறைந்தால் அந்தி. விளக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. செம்பூரிலிருந்து இரண்டாவது ஸ்டேஷனான மான்குர்தில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட உடல் அசைவுகளைக் கொண்டு அடிப்படை வானியல் கற்பிப்பதை ஆராய்ந்து, அங்கிருந்து ஷாமின் படால்கரும் ஜெயஸ்ரீ ராமதாஸும் 2011-இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

இப்போது ஒரு நாற்காலியைப் பார்த்தபடியே அதைச் சுற்றி வாருங்கள். முகத்தை எங்கும் திருப்பவில்லை, ஆனால் அறையின் நான்கு சுவர்களையும் பார்த்துவிட்டீர்கள். அதாவது ஒருமுறை சுழன்றும் விட்டீர்கள். நிலவும் இப்படித்தான் ஒரே முகத்தை நமக்குக் காட்டியபடி 27.3 நாளில் சுற்றி முடிக்கிறது.

பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் இன்னொரு வேடிக்கை. ஆண்டில் இரண்டு நாள் மும்பையில் நட்டு வைத்த குச்சிக்கு நண்பகலில் நிழலே விழாது. மே 15 வாக்கில் 12.35 மணிக்கு ஒருமுறை, ஜூலை 27 வாக்கில் 12.45 மணிக்கு மறுமுறை. வாத்தியாருக்கு இரண்டுமே வாகாக இல்லை: மே மாதம் பள்ளி விடுமுறை, ஜூலையில் மழைமேகம். லீவுக்குத் திருநெல்வேலி போன பிள்ளைகளுக்கும் பயனில்லை. அங்கே சூரியன் ஏப்ரல் இரண்டாம் வாரமே உச்சியைக் கடந்துவிடும், மறுபடி வர ஆகஸ்ட் கடைசி ஆகும். மே மாதம் ஊருக்குப் போகாமல் செம்பூரிலேயே தங்கிவிட்டவர்களுக்குத்தான் அந்தக் குச்சி.