இழைக்கு ஓர் இருக்கை

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளது. அங்கே ஓர் எழுத்தர் கோப்பு ஒன்றைப் பாதி பார்த்திருக்கையில், அவரை வேறு மேசைக்கு மாற்றுவதாகக் கொள்வோம். பரப்பி வைத்த தாள்கள் பழைய மேசையிலேயே தங்கிவிடும். பதிவறைக்கு நடந்து, எல்லாவற்றையும் மறுபடி எடுத்துவர வேண்டும். இடம் மாற ஒரு நிமிடம். வேலை சூடுபிடிக்க அரை மணி!

கணிப்பொறிக்குள்ளும் இதுவே நடக்கிறது. இன்றைய செயலியில் பல ‘கோர்’கள் உண்டு, இவைதாம் மேசைகள். நிரலின் வேலை ‘த்ரெட்’ எனும் இழைகளாகப் பிரிகிறது, இவையே எழுத்தர்கள். ஒவ்வொரு கோரின் அருகிலும் ‘கேஷ்’ எனும் சிறிய விரைவு நினைவகம் உள்ளது. அதிலிருந்து தரவைப் பெறச் சில கடிகாரத் துடிப்புகள் போதும். பதிவறையாகிய முதன்மை நினைவகத்துக்குப் போனாலோ நூற்றுக்கணக்கான துடிப்புகள் வீணாகும்.

எந்த இழை எந்தக் கோரில் ஓடுவது என்பதை இயக்க முறைமை தீர்மானிக்கிறது. கூடியவரை பழைய இடத்திலேயே விட்டுவைக்கும். சுமையைச் சமன்செய்ய வேண்டும்போது இடம் மாற்றும். வீட்டுக் கணிப்பொறிக்கு இந்த ஏற்பாடு போதும்.

பெருங்கணக்குகளுக்கு அது போதாது. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ மீக்கணிப்பொறியின் உச்சத் திறன் வினாடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்கீடுகள். இத்தகைய பொறிகளில் ஒரே கணக்கை ஏராளமான இழைகள் பங்கிட்டுச் செய்கின்றன. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும். ஓர் இழை தாமதித்தால் மற்றவை அனைத்தும் சும்மா நிற்கும். ஆகவே இழைகளைக் குறிப்பிட்ட கோர்களில் நிலைநிறுத்துகிறார்கள்.

லினக்ஸில் இதற்கு ‘டாஸ்க்செட்’ என்ற கட்டளை உண்டு. 0, 1, 2, 3 என்ற கோர்களுக்கு முறையே 1, 2, 4, 8 என்று மதிப்பு. கோர் 0, கோர் 2 ஆகியவற்றில் மட்டும் நிரல் ஓட வேண்டுமானால் 1+4=5 என்ற எண்ணைக் கொடுத்தால் போதும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ‘இந்த இழை இங்கே மட்டும்’ என்றுதான் கட்டளையிடுகிறோம். ‘இந்தக் கோர் இதற்கு மட்டும்’ என்று அல்ல. வேறொரு நிரல் அங்கே வந்து அமரலாம். அப்போது பக்கத்துக் கோர் காலியாக இருந்தாலும் நம் இழை அங்கே போக முடியாது, காத்துத்தான் கிடக்கும். எனவே நிலைநிறுத்துவதற்கு முன்னும் பின்னும் ஓட்ட நேரத்தை அளந்து பார்ப்பதே முறை. நேரம் குறைந்தால் இருக்கை சரி. கூடினால் இழையை அதன் போக்கில் விட்டுவிடலாம்.