பெயருக்குப் பின்னே நிற்கும் அடைமொழி

சங்கமொன்றின் கூட்டக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதும் காரியதரிசி, கூட்டத்துக்கு வந்திருந்த அங்கத்தவர் அனைவரும் பிரேரணையை ஆதரித்தனர் என்று பதிய விரும்புகிறார். ‘மெம்பேர்ஸ் பிறசன்ற்’ என்று எழுதினால் கருத்துச் சரியாக அமையும். அதனை ‘பிறசன்ற் மெம்பேர்ஸ்’ என்று மாற்றிவிட்டாலோ, இன்று சங்கத்தில் அங்கத்துவம் வகிப்போர் எல்லாரும் ஆதரித்தனர் என்று பொருளாகிவிடும். எழுத்தொன்றேனும் மாறவில்லை, சொல்லின் இடமே மாறியது. வீட்டில் உறங்கியிருந்தவரும் கையுயர்த்தியவராகிவிட்டார்!

தமிழில் இவ்விடர் இல்லை. ‘சிவந்த மலர்’ என்போமேயன்றி ‘மலர் சிவந்த’ என்போமல்லோம். ‘மலர் சிவந்தது’ என்றாலோ வாக்கியமே முடிந்துவிடும். ஆங்கிலத்திலும் அடைமொழி பெரும்பாலும் பெயருக்கு முன்னேதான் வரும். ஆதலால் நம் மாணாக்கர் எல்லா இடத்தும் அவ்வாறே வைத்துப் பழகிவிடுகின்றனர்.

‘றெஸ்பொன்சிபிள் பேர்சன்’ என்பது பொறுப்புணர்ச்சி மிக்கவரைக் குறிக்கும் புகழ்மொழி. ‘பேர்சன் றெஸ்பொன்சிபிள்’ என்பதோ நடந்த ஒரு காரியத்துக்குப் பொறுப்பாளியானவரைச் சுட்டும். பெட்டியிற் பணம் குறைந்திருக்கும் வேளையில் அது புகழ்மொழியன்று. நற்சாட்சிப் பத்திரம் எழுதுவோர் இதனை ஊன்றிக் கவனிப்பது நன்று. இத்தகைய தொடர்களில், முன்னே வருவது நிலைத்த இயல்பையும் பின்னே வருவது அவ்வேளைக்குரிய நிலையையும் காட்டும் எனலாம். ‘விசிபிள் ஸ்ரார்ஸ்’ கண்ணுக்குப் புலப்படும் இயல்புடைய விண்மீன்கள். ‘ஸ்ரார்ஸ் விசிபிள்’ இன்றிரவு முகிலுக்கிடையே நமக்குத் தெரிபவை.

‘சம்திங் ஸ்வீற்’, ‘நதிங் நியூ’ போன்றவற்றில் தெரிவுக்கே இடமில்லை. அடைமொழி பின்னேதான் வரவேண்டும்.

சட்டத் துறைத் தொடர்களுக்கு வேறொரு வரலாறு உண்டு. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி குடிபுகுந்தது. அம்மொழியில் அடைமொழி பெரும்பாலும் பெயரைத் தொடர்ந்தே வரும். மூன்றாம் எட்வேட் மன்னன் காலத்தில், 1362ஆம் ஆண்டில், வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிடவேண்டுமெனச் சட்டம் பிறந்தது. அச்சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டதுதான் வேடிக்கை! ஆட்சி மாறினாலும் ‘அற்றோர்னி ஜெனரல்’, ‘கோட் மார்ஷல்’, ‘நொத்தாறி பப்ளிக்’ முதலியன பழைய ஒழுங்கிலேயே நிலைத்துவிட்டன. நம் நாட்டில் நொத்தாறி பப்ளிக்கைத் தமிழாக்கியோர் ‘பிரசித்த நொத்தாரிசு’ என்று அடைமொழியை முன்னே கொணர்ந்து தமிழ் மரபைக் காத்தனர்.

பன்மையாக்கும்போதுதான் பலரும் தடுமாறுகின்றனர். பன்மை விகுதி பெயருக்கே உரியது. சட்டமா அதிபர் இருவரைக் குறிக்க ‘அற்றோர்னீஸ் ஜெனரல்’ என்பதே மரபு. இந்நாளில் விகுதியை இறுதியிற் சேர்ப்பாரும் உளர். ஆயினும் பரீட்சை எழுதுவோர் மரபைப் பின்பற்றுவதே பாதுகாப்பானது. ஆனால் ‘மேஜர் ஜெனரல்’ என்னும் படைத்துறைப் பதவியை இத்துடன் சேர்த்து மயங்கலாகாது. அங்கே ‘ஜெனரல்’ அடைமொழியன்று; தளபதியைக் குறிக்கும் பெயர். ஆகவே விகுதி இறுதியிலேயே சேர்ந்து ‘மேஜர் ஜெனரல்ஸ்’ என வரும்.