உஷார்! எலிக்கு வைத்த மருந்து உங்கள் மூச்சுக்குள் போகலாம்

மழை பிடித்தால் எலி வீட்டுக்குள் வரும். வளையில் தண்ணீர் ஏறியதும் மேட்டைத் தேடித்தான் அது ஓடிவரும். உடனே போனை எடுத்து பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களைக் கூப்பிடுகிறோம். தெரிந்தவர் யாராவது அப்படிக் கூப்பிட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டால் தயவுசெய்து ஒன்றை மட்டும் அவரிடம் கேளுங்கள்: "இன்றைக்கு ராத்திரி எங்கே படுக்கப்போகிறீர்கள்?"

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு குடும்பத்திடம் இதைக் கேட்க ஆள் இல்லை. எலித் தொல்லை தாங்காமல் ஆட்களை வரவழைத்தார்கள். வந்தவர்கள் வீட்டில் பல இடங்களில் மருந்தை வைத்துவிட்டுப் போனார்கள். ராத்திரி ஏ.சி. போட்டுக்கொண்டு அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என நாலு பேரும் தூங்கினார்கள். விடிவதற்குள் வாந்தி, மூச்சுத்திணறல். ஆறு வயதுப் பெண் குழந்தையும் ஒரு வயதுப் பையனும் பிழைக்கவில்லை. பெற்றோர் இருவரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்தை யாரும் வாயில் வைக்கவில்லை. மூடிய வீட்டில் மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான்.

எலி மருந்து என்றால் தின்றால்தான் ஆபத்து என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எல்லா மருந்தும் அப்படி இல்லை. சில மருந்துகள் காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே நச்சு வாயுவை விடும். அதில் மிகவும் மோசமானது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. அரிசி ஆலையிலும் தானியக் கிடங்கிலும் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, வண்டைக் கொல்ல உள்ளே வைப்பது அதுதான். சாம்பல் நிறத்தில் இருக்கும் ஒரு மாத்திரையின் எடை 3 கிராம். அதிலிருந்து ஏறக்குறைய 1 கிராம் பாஸ்பீன் வாயு வெளியேறும்.

பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரம் என்று ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே இரண்டு மாத்திரை முழுவதும் வாயுவாகிவிட்டால் அந்த அறைக் காற்றில் பாஸ்பீன் சுமார் 50 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு) சேர்ந்துவிடும். 50 பி.பி.எம்.மைத்தான் உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அமெரிக்காவில் எட்டு மணி நேரம் வேலை செய்கிற இடத்தில் அனுமதிக்கப்படும் அளவு 0.3 பி.பி.எம். மட்டுமே. சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைத்துச் சுற்றவிடும். ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்ட அறையும் தார்ப்பாய் போட்டு மூடிய அரிசி மூட்டையும் இந்த வாயுவுக்கு ஒன்றுதான்.

பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ வரும் என்பார்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். சுத்தமான பாஸ்பீனுக்கு வாசனையே கிடையாது. தூங்குகிறவனுக்கு எந்த வாடையும் தெரியப்போவதில்லை. இந்த நஞ்சுக்கு முறிவு மருந்தும் இல்லை.

மூட்டைப்பூச்சிக்காக இதே மாத்திரையைக் கட்டிலுக்கடியில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று பெட் ஸ்பேஸில் தங்கியிருக்கும் நம் ஆட்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அடுக்குக் கட்டிலில் மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் யாரோ ஒருவர் எங்கிருந்தோ மாத்திரை வாங்கி வருவார். 2019இல் ஷார்ஜாவில் பக்கத்து வீட்டில் வைத்த மாத்திரையின் வாயு பரவி 10 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். சுவர் விரிசலும் குழாய் போகும் சந்தும் இந்த வாயுவுக்குப் போதும். நீங்கள் வைக்காவிட்டாலும் அடுத்த வீட்டுக்காரர் வைத்தால் உங்களுக்கும் ஆபத்து. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள் லிஃப்ட் ரிப்பேருக்குக் கூடிப் பேசுவதுபோல இதற்கும் ஒருமுறை கூட வேண்டும். எந்த வீட்டில் என்றைக்கு என்ன மருந்து வைக்கிறார்கள் என்பது மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. அலுமினியம் பாஸ்பைடைப் பொதுமக்கள் கையாளக் கூடாது. உரிமமும் பயிற்சியும் பெற்றவர்கள், நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்தலாம். 10, 20 மாத்திரை அடங்கிய குழாய் பாக்கெட்டுகளுக்கு நாடு முழுவதும் தடை உண்டு. டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்துக்கு 2020 டிசம்பர் 31 முதல் தடை. "பழைய மருந்து சார், செம ஸ்ட்ராங்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வருகிறவர் கையில் பெயர் ஒட்டாத பாட்டில் இருந்தால் உள்ளேயே விடாதீர்கள். பதிவு பெற்ற எந்தப் பூச்சிமருந்துப் பெட்டியிலும் சாய்த்து வைத்த சதுரம் ஒன்று அச்சாகியிருக்கும். அதன் கீழ்ப்பாதியில் இருக்கும் நிறத்தைப் பாருங்கள். பச்சையில் நச்சு குறைவு. நீலம், மஞ்சள் என்று போகப்போகக் கூடும். சிவப்பு மிகக் கொடியது. சிவப்பு போட்ட எதையும் ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் அனுமதிக்காதீர்கள். மருந்தின் பெயரையும் எங்கெங்கே வைத்தார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். வேளாண்மைத் துறை கொடுத்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் ஆபத்தைத் தள்ளிவைக்கும் வேலைதான். எலி ஏன் வந்தது, எந்த வழியாக வந்தது என்று யாருமே பார்ப்பதில்லையே, அதுதான் என் ஆதங்கம். மருந்துக்கு ஒரு எலி செத்தால் அதே ஓட்டை வழியாக அடுத்தது வரும். ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று விவசாயிகளுக்கு வேளாண் துறை வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறது. முதலில் வரும் வழியை அடை, தீனியையும் தண்ணீரையும் நிறுத்து, பிறகு பொறி வை, மருந்தைக் கடைசியாக, தேவையான இடத்தில் மட்டும் தொடு. நகரத்து வீட்டுக்கும் இதே முறைதான்.

இன்றைக்கே ஏ.சி. குழாய் வெளியே போகும் இடத்தைப் பாருங்கள். பொருத்த வந்தவர் சுவரில் மூன்று அங்குலத்துக்குத் துளை போட்டு, செம்புக் குழாயையும் தண்ணீர் வடியும் குழாயையும் வெளியே விட்டிருப்பார். மீதி இடைவெளியில் கிழிந்த துணியோ தெர்மாகோல் துண்டோ இருக்கும். எலிக்கு அதெல்லாம் ஒரு தடையே இல்லை. அரை அங்குலச் சந்து இருந்தால் எலி நுழைந்துவிடும். சுண்டெலிக்கு அதில் பாதி போதும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் ஸ்க்ரப்பரை இறுகத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள், பல் ஏறாது. சிங்குக்கு அடியில் குழாய் தரைக்குள் இறங்கும் இடம், பாத்ரூம் ஷாஃப்ட், வாசல் கதவின் கீழ் இடுக்கு, தண்ணீர் போகும் துளையின் உடைந்த மூடி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எலி தினமும் ஒரே வழியில்தான் போகும். சுவரோரம் அதன் உடம்பு உரசி உரசிக் கறுப்பாகப் பிசுக்கு படிந்திருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் ஓட்டை தெரிந்துவிடும். பொறியையும் அந்தக் கோட்டிலேயே வையுங்கள். எலி புதுப் பொருளைக் கண்டால் பயப்படும். அதனால் முதல் இரண்டு நாள் மசால்வடையையோ கருவாட்டுத் துண்டையோ வைத்து, பொறியை இழுத்துக் கட்டாமல் விடுங்கள். தின்று பழகியதும் கட்டுங்கள்.

கரப்பானுக்கும் நாம் கண்மூடித்தனமாகத்தான் ஸ்பிரே அடிக்கிறோம். ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கமும் மிக்ஸிக்கு அடியிலும் குடியிருக்கும் சின்ன பழுப்புக் கரப்பான் பல ஊர்களில் வழக்கமான ஸ்பிரே மருந்துகளுக்குப் பழகிவிட்டது. ஒரு முட்டைக் கூட்டில் முப்பது, நாற்பது முட்டை இருக்கும். அந்தக் கூட்டைத் தாண்டி ஸ்பிரே உள்ளே போகாது. கீல், இடுக்கு பார்த்துப் பொட்டுப் பொட்டாக ஜெல் வைப்பது நல்ல வழி. ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரேயும் அடித்தால் கரப்பான் அதைத் தொடாது, இரண்டு செலவும் வீண். நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வில், ஓட்டையை அடைத்து, சுத்தம் செய்து, குறிபார்த்து மருந்து வைத்த வீடுகளில் ஒரே முறை வேலைக்குப் பிறகு மூன்று மாதம் கழித்தும் கரப்பான் குறைவாக இருந்தது. வழக்கம்போல் மருந்தடித்த வீடுகளில் அந்த அளவுக்குக் குறையவில்லை.

கொசுவுக்குப் புகை அடித்தால் பறக்கிற கொசுதான் சாகும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மூடியில்லாத மாடித் தொட்டி, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது. பதிவு எண் இல்லாத கொசு ஊதுபத்தி விலை குறைவென்று வாங்காதீர்கள். பச்சைக் குழந்தையின் துணிக்குள் அந்துருண்டை போடவே கூடாது. பிறவியிலேயே ஜி6பிடி என்சைம் குறைவாக உள்ள குழந்தைக்கு அதன் ஆவியே ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

மருந்து வைத்த வீட்டில் ஒருவருக்கு வாந்தி, தலைசுற்றல், நெஞ்சு இறுக்கம் என்று வந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். மாத்திரையைத் தேடி எடுக்க உள்ளே போகாதீர்கள். தண்ணீர் ஊற்றி அணைக்கவே அணைக்காதீர்கள், ஈரம் பட்டால் வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும். 108ஐக் கூப்பிட்டு, "வீட்டில் எலி மருந்து வைத்திருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலும் அதையே முதலில் சொல்லி, எழுதி வாங்கிய மருந்துப் பெயரைக் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி எழுப்பிவிட்டுப் போங்கள்.