நயினாதீவில் தீர்ந்த நேர்த்திக்கடன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் அன்பர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரம் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பைக் கண்டிருப்பார்கள். உப்பு விளைச்சலுக்குத் தமிழகத்தில் பெயர்பெற்ற ஊர் எங்கள் ஊர். சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் பூமீஸ்வரர் திருக்கோயிலும் இங்கேதான் உள்ளது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் இவ்வூரிலேயே தங்கிவிட்டேன். மாலை வேளைகளில் பூமீஸ்வரர் சந்நிதியில் கூடும் எங்கள் முதியோர் குழுவில், “நயினாதீவுக்குப் போய் வந்தீர்களாமே, எங்களால் முடியுமா?” என்று கேட்பவர்கள் இப்போது பலர். அவர்களுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் இல்லத்துப் பூஜை அறையில், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சிறு வெள்ளி நாகம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்தது. என் அக்கா பிறந்து ஒன்பது ஆண்டுகள் வரை எங்கள் வீட்டில் மறுபடி தொட்டில் ஆடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் கணக்கெழுதி வந்த பெரியப்பா ஒருவர், “நயினாதீவு நாகபூஷணி அம்மனை வேண்டிக்கொள், பிள்ளை பிறந்தால் நாகம் சாத்துகிறேன் என்று சொல்” என்றாராம். அம்மா வேண்டிக்கொண்டாள். 1958இல் நான் பிறந்தேன். அம்மா திண்டிவனத்தில் வெள்ளி நாகம் செய்து வாங்கினாள்.

அக்காலத்தில் தனுஷ்கோடி வரை இரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் செல்வார்கள். எனக்கு விவரம் தெரியும் வயது வரட்டும் என்று பெற்றோர் காத்திருந்தனர். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோயிற்று. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் சென்றபோது எங்கள் வீட்டில் பணமில்லை. பணம் வந்தபோது இலங்கையில் போர் மூண்டுவிட்டது. அம்மா கண் மூடுமுன் அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னது இந்த நாகத்தைப் பற்றித்தான். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறருடைய நிலுவைக் கடன்களைக் கணக்கில் எழுதி வசூலித்த எனக்கு, என் பிறப்பின்மேல் நின்ற கடன் நிலுவையிலேயே இருந்தது.

அளத்துக்காரர் சொன்ன பாடம்

2023 அக்டோபர் 14ஆம் நாள், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது என்ற செய்தி வந்தது. அக்காவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. “தம்பி, இனியும் தள்ளாதே” என்றாள். உடனே ஐப்பசியில் புறப்படுவதாக ஒரு திட்டம் வகுத்தேன். ஆனால் கப்பல் தொடங்கிய சில நாட்களிலேயே, வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டுச் சேவை நிறுத்தப்பட்டது. அக்கா ஒன்றும் பேசவில்லை. வெள்ளி நாகத்தை எடுத்துத் துடைத்து மீண்டும் துணியில் முடிந்து வைத்தாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் கோயில் வாசலில், உப்பளத்திலேயே காலம் கழித்த முதியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “நாங்களே பாத்தியை மழைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாதத்தில் கடல் தாண்டப் பார்த்தீர்களே ஐயா! தை பிறந்து, சேறு மிதித்து, பாத்தி கட்டி, முதல் உப்பு வாரும்போது போங்கள். உப்பு விளையும் வெயில்தான் உங்களுக்கும் வழி காட்டும்” என்றார்.

எவ்வளவு உண்மை! ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இருகரையிலும் மழையும் புயலும். மார்கழி, தையில் வாடைக் காற்று. ஆனி, ஆடியில் யாழ்ப்பாணத்தார் ‘சோளகம்’ என்று கூறும் தென்மேற்குக் காற்று வலுக்கும். இவற்றுக்கு இடைப்பட்ட மாசி, பங்குனியில்தான் பாக் நீரிணை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். நயினாதீவின் மகோற்சவம் ஆனி மாதத்தில் நடைபெறுகிறது. அதைக் காண ஆவல் எழுவது இயல்பே. ஆயினும் கூட்டமும் காற்றும் சேரும் அந்நாட்கள் முழங்கால் வலியுள்ள முதியோருக்கு ஏற்றவையல்ல என்பது என் எண்ணம்.

தீவுகளில் எவை, எத்தனை?

யாழ்ப்பாணத்தின் மேற்கே சிதறிக் கிடக்கும் தீவுகளைச் சப்த தீவுகள் என்பர். ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை இவற்றுக்குச் சூட்டினர். நயினாதீவு ‘ஹார்லெம்’ ஆயிற்று. நெடுந்தீவு ‘டெல்ஃப்ட்’ ஆயிற்று. அப்பெயர்களில் டெல்ஃப்ட் ஒன்றே இன்றும் பரவலாக வழங்குகிறது.

முதலில் நான் எழுதிய திட்டத்தில் நான்கு தீவுகள் இருந்தன. வேலணையும் புங்குடுதீவும் கடல் நடுவே இட்ட சாலைகளால் யாழ்ப்பாணத்தோடு இணைந்தவை. ஈழத்துச் சிதம்பரம் என்று போற்றப்படும் சிவாலயம் உள்ள காரைநகருக்கும் சாலை உண்டு. நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு ஆகியவற்றுக்குப் படகுதான். பவளக்கல் அடுக்கிய வேலிகளும், காட்டுக் குதிரைகளும், பருத்த பெருக்க மரமும் உள்ள நெடுந்தீவைக் காண எனக்கு மிகுந்த ஆசை. ஆனால் அது ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம், படகுகளும் குறைவு. என் திட்டத்தை வாசித்த அக்கா, “நீ தீவு பார்க்கப் போகிறாயா, அம்மாவின் கடனைத் தீர்க்கப் போகிறாயா?” என்று ஒரே கேள்வி கேட்டாள். நெடுந்தீவை அடித்துவிட்டேன். அன்பர்களுக்கும் இதையே சொல்வேன். எந்தத் தீவுக்காகப் போகிறோமோ அதை முதலில் எழுதுங்கள். மற்றவை உடலும் பொழுதும் இடம் கொடுத்தால் மட்டுமே.

நாங்கள் மூவர்: நான், என் மனைவி, அக்கா. கப்பலுக்குக் காத்திராமல் சென்னையிலிருந்து பலாலி செல்லும் சிறு விமானத்தில் பதிவு செய்தோம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இணையவழியில் இலங்கையின் பயண அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டோம். மருந்துகளைப் பயண நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலாக, மருத்துவரின் சீட்டுடன் கைப்பையில் வைத்தோம். இலங்கை ரூபாயை முறையான இடத்தில் மாற்றி, படகுக் கட்டணத்துக்கெனச் சிறு நோட்டுகளைத் தனியே வைத்துக்கொண்டேன். ஈழத்துக் கோயில்களில் ஆடவர் மேலாடை களைந்தே உள்ளே செல்வர். ஆகவே வேட்டியும் துண்டும் போதும்.

இவ்வளவு எழுதிய நான், ஒன்றை மட்டும் தவறாக எழுதினேன். விமானம் இறங்கும் நாளிலேயே தீவுக்குச் சென்று திரும்பிவிடலாம் என்று கணக்கிட்டேன். அன்று செவ்வாய்க்கிழமை, அம்பாளுக்கு உகந்த நாள் என்பதே காரணம். ஆயினும் பழைய வங்கிப் பழக்கத்தால், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நாளை உபரியாக ஒதுக்கியிருந்தேன்.

குறிகட்டுவான் துறையில்

2024ஆம் ஆண்டு மகா சிவராத்திரி முடிந்த மறு செவ்வாய், நண்பகல் வேளையில் பலாலியில் இறங்கினோம். அங்கிருந்து யாழ்ப்பாண நகரைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவின் முனையில் உள்ள குறிகட்டுவான் துறையை அடைந்தபோது பிற்பகல். காற்று ஏறியிருந்தது. நயினாதீவு கண்ணுக்கெதிரே தெரிந்தது; இராஜகோபுரமும் தெரிந்தது. கால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணந்தான். ஆனால் துறையிலிருந்து படகுக்குக் காலெடுத்து வைத்து, பிறகு குனிந்து உள்ளே இறங்க வேண்டும். அலையில் படகு ஏறி ஏறி இறங்கிற்று. இளைஞர்கள் தாவி ஏறினார்கள். அக்கா ஒரு காலை வைத்தாள், படகு விலகிற்று. படகுக்காரர் ஒருவர் அவளைத் தாங்கிப் பிடித்து மீண்டும் கரையில் நிறுத்தினார். “அம்மா, காலமை வாங்கோ. கடல் படுத்திருக்கும்” என்றார்.

அறுபத்தாறு ஆண்டுகள் காத்திருந்து, கோபுரம் தெரியும் தொலைவிலிருந்து திரும்புவதா என்று என் மனம் பதைத்தது. “பிடித்துக்கொள் அக்கா, நான் தூக்கி இறக்குகிறேன்” என்றேன். அவள் என் கையை விலக்கினாள். “நான் விழுந்தால் நீயும் விழுவாய். நீ பிறந்ததற்காகச் சாத்த வந்த நாகம் இது. செவ்வாய், வெள்ளியெல்லாம் நமக்குத்தான். அம்பாளுக்கு எல்லா நாளும் நல்ல நாளே. நாளைக்கு வருவோம்” என்றாள். கரையிலிருந்தே கோபுரத்தை நோக்கிக் கைகூப்பிவிட்டுத் திரும்பினோம். அன்றிரவு யாழ்ப்பாணத்தில் தங்கினோம். அந்த உபரி நாள் மட்டும் இல்லாதிருந்தால், மறுநாள் விமானம் எங்களை நாகத்தோடு சென்னையில் கொண்டு சேர்த்திருக்கும்.

புதன்கிழமை விடியலில் மீண்டும் துறைக்குச் சென்றோம். கடல், எங்கள் ஊர் உப்புப் பாத்தியில் தேங்கிய நீரைப் போல அசையாமல் கிடந்தது. அக்கா என் தோளைப் பற்றிக்கொண்டு, தானே காலெடுத்து வைத்துப் படகில் இறங்கினாள்.

அம்பாள் சந்நிதியில்

நாகபூஷணி அம்மன் ஆலயத்தைச் சக்தி பீடங்களில் ஒன்றாக ஈழத்து அடியார்கள் போற்றுகின்றனர். அம்பாளைப் பூசிக்கத் தினமும் மலர் ஏந்திக் கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் தடுத்ததாகவும், அவ்வழியே கலத்தில் வந்த வணிகன் ஒருவன் இரண்டையும் சமாதானம் செய்து, பின் அம்பாளுக்குக் கோயில் எழுப்பியதாகவும் தலவரலாறு கூறும். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என இரு பாறைகளை அந்நிகழ்ச்சியின் அடையாளமாக இன்றும் காட்டுகின்றனர். போர்த்துக்கீசியர் காலத்தில் இடிக்கப்பட்ட ஆலயம் 18ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. அண்மைக் காலத்திலும் இடர்கள் பல கண்டு, ஒவ்வொரு முறையும் அடியார்களால் புதுப்பிக்கப்பட்டது. சற்றுத் தொலைவில் பௌத்தர்களின் நாக விகாரை உள்ளது. மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் இத்தீவே என்று கருதும் அறிஞர்களும் உண்டு. அமுதசுரபியின் பெயரையே தாங்கிய மண்டபத்தில் அடியார்களுக்கு அன்னதானம் நடைபெறுகிறது.

இவ்வாலயத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊர்காவற்றுறைக்கு வரும் கலங்கள் உடைந்தால் என்ன செய்வது என்று அதில் விதித்திருக்கிறான். யானையும் குதிரையும் ஏற்றி வந்த கலமானால் நான்கில் ஒரு பங்கு அரசின் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கலமானால் ஆளுக்குப் பாதி. இதை அறிந்தபோது என்னுள் இருந்த வங்கிக்காரன் வியந்தான். இக்கடலில் எல்லாம் நினைத்தபடி நடக்காது என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறான். நாமோ ஒரு நாளைக்கூட உபரியாக ஒதுக்கத் தயங்குகிறோம்.

சந்நிதியில் அக்கா மஞ்சள் துணியை அவிழ்த்தாள். நாகத்துடன் அம்மா முடிந்து வைத்திருந்த பழைய ஒரு ரூபாய் நாணயமும் இருந்தது. குருக்கள் இரண்டையும் தட்டில் வாங்கிக்கொண்டு, “யார் பேருக்கு?” என்று கேட்டார். அக்கா என் பெயரைச் சொல்லவில்லை. அம்மாவின் பெயரைச் சொன்னாள். தீபாராதனையின்போது நான் கண்களைத் துடைத்துக்கொண்டேன். அக்கா துடைக்கவில்லை. அவள் முகம் தெளிந்திருந்தது.

புறப்படும் அன்பர்களுக்கு

மாசி, பங்குனியில் செல்லுங்கள். இறங்கிய நாளில் ஓய்வெடுங்கள். மறுநாள் காலை முதற்படகில் ஏறுங்கள். காற்று ஏறுமுன் தீவிலிருந்து திரும்பிவிடுங்கள். பாதுகாப்பு அங்கியைக் கூச்சமின்றி அணியுங்கள். போகும் வழியை எழுதுமுன் திரும்பும் வழியை எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாளைக் கடலுக்கென்று விட்டு வையுங்கள். அது வீணாகும் நாள் அன்று. பல வேளைகளில் அதுவே தரிசனம் கிட்டும் நாள்.

உடல் இடம் கொடாத அன்பர்கள் மனம் வருந்த வேண்டாம். செல்பவர் கையில் காணிக்கையைக் கொடுத்தனுப்புங்கள். உங்கள் ஊர் அரசமரத்தடி நாகருக்குப் பால் வார்த்து அம்பாளை நினையுங்கள். குறிகட்டுவான் கரையில் நின்று கைகூப்பிய அக்காவை அறிந்தவள், உங்கள் வீட்டு வாசலில் நின்று கைகூப்பும் உங்களையும் அறிவாள்.

ஊர் திரும்பியபோது அளங்களில் முதல் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்த முதியவருக்கு நயினாதீவுக் குங்குமத்தைக் கொடுத்தாள். அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரு கைகளாலும் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டார்.